நீலப் போர்வைமேல் ஒரு பெட்டி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் மாரிட்டைச் சமையலறை மேசை முன்னால், வீங்கின மணிக்கட்டோடு விட்டுவிட்டு வந்தேன். தாய்ப்பால் எடுக்கத் தோழி இரவல் கொடுத்த கைப்பம்பை அவள் விடாமல் அமுக்கியும் சீசாவின் அடிதான் நனைந்திருந்தது. "எனக்குப் பாலே இல்ல போலிருக்கு" என்று அழுதாள். நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். அதற்காக என்னைத் திட்டிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அவளுக்குப் பால் இருக்கிறது. கைக்குழந்தை இம்கா ஒரு பக்கம் வாயை வைத்தால் மறுபக்கமும் சேர்ந்து சட்டை நனைந்துவிடுகிறது. வீட்டில் இல்லாதது ஒரு நல்ல பம்ப்தான்.

திங்கட்கிழமை மாரிட் மறுபடி பஸ் ஓட்டப் போகிறாள். இரண்டு மாதம் தாண்டிய இம்கா பகல் நேரக் குழந்தைக் காப்பகத்துக்குப் போக வேண்டும். பவுடர் பால் கொடுத்துப் பார்த்தார்கள். இம்கா அதை மரியாதையாக வாங்கி, அப்பா வீபாவின் சட்டையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆகையால் தாய்ப்பாலை எடுத்து வைத்தாக வேண்டும். அதுவும் இந்த இரண்டு நாளுக்குள்.

இன்று சனிக்கிழமை, எங்கள் நாட்டு மன்னரின் பிறந்தநாள். ஊரில் உள்ள அத்தனை பேரும் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, பரணில் கிடக்கிற சாமான்களைத் தெருவில் விரித்து ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ளும் நாள். போன வருஷம் எதிர்வீட்டுக்காரரிடம் வாங்கிய விளக்கை இந்த வருஷம் அவருக்கே விற்றவர்களும் எங்கள் ஊரில் உண்டு.

வீபாவுக்கு இந்த நாள் போல் இன்னொரு நாள் கிடையாது. பெயின்டர் வேலை பார்க்கிறவன். எதையும் முழு விலை கொடுத்து வாங்கினால் அவனுக்கு ராத்திரி தூக்கம் வராது.

"கடையில விக்கிற மெஷினோட விலையப் பாத்தியா?" என்றான், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல எடுக்குமாம். அந்தக் காசுக்கு ஒரு பழைய படகே வாங்கிடலாம்."

"படகு பால் குடுக்குமா?"

"சும்மா சொன்னேன்."

"வாடகைக்கு விடற கடையில கேட்டியா?"

"கேட்டேன். கடைசி மெஷினும் நேத்தே போயிடுச்சாம். இனிமே செவ்வாய்க்கிழமைதான். இன்னிக்குத் தெருவுல கண்டிப்பா ஒண்ணு கிடைக்கும் பாரு. ஊர்ல எத்தனை பேரு பெத்திருக்காங்க! அவங்க எல்லாரும் அதைப் பொட்டியில வெச்சு அழகு பாக்கவா போறாங்க?"

"நர்ஸ் என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

பிரசவமான முதல் வாரம் வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்ட நர்ஸ், கிளம்பும்போது வாசலில் நின்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

வீபா பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒப்பித்தான். "மோட்டார் பழசா இருக்கலாம். பால் படற எதுவும் பழசா இருக்கக் கூடாது. மார்புல வெக்கற புனல், குழாய், வால்வு எல்லாம் புதுசா மாத்தணும். பால் மோட்டாருக்குள்ள ஏறாத மாதிரி மூடின வகையாப் பாக்கணும். புனல் நம்ம அளவுக்குச் சரியா இருக்கணும், இல்லாட்டி எவ்வளவு நல்ல மெஷினும் வீண். போதுமா?"

"போதும். புத்திசாலிதான்."

மாரிட் சிரித்தாள். ஆனால் பார்வை ஜன்னல் பக்கம் போனது. மூன்று தெரு தாண்டினால் அவள் அக்கா ஃபென்னாவின் வீடு. இம்கா பிறந்ததும் அங்கிருந்து வாழ்த்து அட்டை வந்தது. கையால் பின்னிய மஞ்சள் குல்லாய் ஒன்று தபாலில் வந்தது. ஃபென்னா வரவில்லை.

ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், நாள் நிறைந்த வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போன ஃபென்னா வெறுங்கையோடு திரும்பினாள். பிள்ளைக்கு டீமன் என்று பெயர் வைத்துத்தான் புதைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் குழந்தை என்ற சொல்லைக்கூடச் சத்தமாகச் சொன்னதில்லை.

மாரிட்டுக்குப் பம்ப் வேண்டியிருந்தது. அதைவிட அதிகமாக அக்கா வேண்டியிருந்தாள். பெற்ற வலி, பால் கட்டின வலி, நடுவில் காரணமே இல்லாமல் வந்த அழுகை எல்லாவற்றையும் ஃபென்னாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தாள். ஃபென்னாவிடம் மட்டும் சொல்லவே முடியாத விஷயங்களும் அவைதான்.

*

தெருவில் கால் வைக்க இடமில்லை. முந்தின நாளே கல்தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பெயர் எழுதி, இடம் பிடித்து வைத்திருந்தார்கள். பால் பம்ப் என்று பார்த்தால் இரண்டு கிடைத்தன. ஒன்றின் குழாய்க்குள் கருப்பாக என்னவோ இருந்தது. மாரிட் அதைத் தொடக்கூட இல்லை. இன்னொன்றை வீபா ஆசையாக எடுத்துப் பார்த்தான். மோட்டார் உறுமியது, புனலில் உள்ளங்கையை வைத்தால் இழுக்கவே இல்லை.

"நல்லாத்தான் சத்தம் போடுது" என்றான்.

"சத்தம் போட நீ இருக்கியே, போதும்."

அவனைப் பழைய கருவிகள் விற்கும் பக்கம் போக விட்டுவிட்டு, மாரிட் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்துப் பக்கம் போனாள். முன்னால் மரப்பெட்டி வைத்த சைக்கிள். அதற்குள் கூடையில் இம்கா, தலையில் மஞ்சள் குல்லாயோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

பாலத்தடியில் வருஷா வருஷம் அவள் அப்பா சீட்சா கடை போடுவார். படகுகளுக்கு வழிவிட நாற்பது வருஷம் அந்தப் பாலத்தைத் தூக்கி இறக்கியவர், ஓய்வு பெற்ற பிறகும் அதன் நிழலை விட மாட்டார். மடக்கு நாற்காலி, நீலப் போர்வை, இரண்டு மகள்கள் வீட்டுப் பரணிலிருந்தும் இறக்கிய சாமான்கள். இரண்டு வீட்டுச் சாவியும் அவரிடம் உண்டு. தலையில் போட்டிருக்கும் தொப்பியைக் கேட்டால்கூட விலை சொல்லுவார்.

அப்படிப்பட்ட மனிதர் இன்றைக்கு ஒரு பெண்ணை விரட்டிக்கொண்டிருந்தார்.

"அது வித்தாச்சும்மா."

"வித்ததுன்னா ஏன் இங்க வெச்சிருக்கீங்க?"

"வாங்கினவங்க வந்து எடுத்துப்பாங்க. நீங்க அந்த வாஃபிள் மெஷினப் பாருங்க, ஒரு பக்கம்தான் கருகும்."

அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தாள். மாரிட் போர்வையைப் பார்த்தாள். சாம்பல் நிறப் பெட்டி, ஒரு மூலை நசுங்கியது. அவளுக்கு அந்த மூலை தெரியும். ஃபென்னாவின் கணவன் டௌவா அதை வாங்கிய அன்று சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வந்து, இவர்கள் வீட்டு வாசலில் இடித்து நசுக்கிய மூலை. பெரிய மீன் பிடித்தவன் மாதிரி அன்றைக்கு எல்லோரிடமும் காட்டினான். இரண்டு பக்கமும் எடுக்கும், சத்தமே வராது, தரத்துக்கு விலை ரொம்பக் குறைவு, எல்லாக் கடையும் ஏறி இறங்கினேன் என்று பெருமையடித்தான். தொட்டில்கூட அப்புறம்தான் வாங்கினார்கள்.

"வந்துட்டியா" என்றார் சீட்சா. முகத்தில் விளக்கு போட்ட மாதிரி இருந்தது. "உனக்குன்னா விலை பேசலாம்."

"அப்பா, இது யாருதுன்னு தெரியுமா?"

"தெரியும். அவங்க பரண்ல இருந்துது."

"தெரிஞ்சேதான் எடுத்துட்டு வந்தியா?"

சீட்சா வாயைத் திறந்தார். எதையோ நினைத்துக்கொண்டு மூடிவிட்டார்.

"ஃபென்னா இந்தப் பக்கம் வந்தா என்ன ஆகும்? தெருவுல, பழைய பொம்மைக்கும் வாஃபிள் மெஷினுக்கும் நடுவுல இதைப் பாத்தா அவ தாங்குவாளா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லியாப்பா?"

"நீ எடுத்துக்கோயேன். எனக்குக் காசு வேணாம்."

"நானா! அவளோடத நான் எடுத்துக்கறதா!"

"மாரிட், கொஞ்சம் நில்லு..."

அவள் நிற்கவில்லை. பெட்டியைத் தூக்கி இம்காவின் கூடைக்குப் பக்கத்தில் வைத்து, மேலே தன் ஆரஞ்சுச் சால்வையைப் போட்டு மூடினாள். யார் கண்ணிலும் படாமல் அக்கா வீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை. சீட்சா எழுந்தார், உட்கார்ந்தார். யாரிடமோ கொடுத்த வாக்கு அவர் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

*

ஃபென்னா காலையிலிருந்து ஜன்னல் பக்கத்திலேயே இருந்தாள்.

இது மாரிட்டுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியது சீட்சா இல்லை, ஃபென்னாதான். மாரிட் பம்புக்கு அலைவதை அப்பா சொல்லிக் கேட்டிருந்தாள். டௌவா தீவுக்குப் போகிற கப்பலில் வேலைக்குக் கிளம்பிய பிறகு, ஏணியில் ஏறி, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். பாலத்தடிக்குக் கொண்டுபோய் அப்பாவின் போர்வையில் தானே வைத்தாள்.

"மாரிட்டுக்குத் தவிர யாருக்கும் குடுக்காத. நான் வெச்சேன்னு மட்டும் சொல்லிடாத" என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

எங்கள் ஊரில் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். உன் சூப்பில் உப்பில்லை, உன் புருஷன் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான், நீ இந்தச் சட்டையில் குண்டாகத் தெரிகிறாய். இதெல்லாம் காபியோடு சேர்த்துச் சொல்லுவோம். ஆனால் 'எனக்குப் பயன்படாமல் போனது உன் பிள்ளைக்காவது பயன்படட்டும்' என்பதை எப்படிச் சொல்வது? கையில் கொடுத்தால் இரண்டு பேரும் அழ வேண்டும். போர்வையில் வைத்துவிட்டால் சந்தைச் சாமான். மாரிட் எடுப்பாள், ஒரு செய்தி அனுப்புவாள், 'பாத்துட்டேன், நன்றி' என்று. அவ்வளவு போதும் என்று ஃபென்னா கணக்குப் போட்டிருந்தாள்.

ஜன்னல் வழியே மரப்பெட்டி சைக்கிள் வருவது தெரிந்தது. செய்தி இல்லை, ஆளே வருகிறாள். குழந்தையோடு வருகிறாள். மணி அடிக்கும் முன்பே கதவைத் திறந்துவிட்டாள்.

மாரிட்டுக்கு மூச்சு வாங்கியது. "ஃபென்னா, கோச்சுக்காத. அப்பா தெரியாம எடுத்துட்டுப் போயிருக்காரு. யாரும் வாங்கல. நான் அப்படியே கொண்டு வந்துட்டேன்."

சால்வையை விலக்கினாள். சாம்பல் பெட்டி. அதற்குப் பக்கத்தில் மஞ்சள் குல்லாய், அதற்குக் கீழே தூங்கும் முகம். ஃபென்னா பார்க்க வேண்டாம் என்று வைத்திருந்ததை எல்லாம் ஒரே பார்வையில் பார்த்துவிட்டாள்.

"அப்பா ஒண்ணும் சொல்லலையா?" என்றாள் மெதுவாக.

"என்ன சொல்லுவாரு? திருதிருன்னு முழிச்சிட்டு நின்னாரு."

"நீ... வேணாம்னு சொல்லிட்டியா?"

"பின்ன? உன்னோடத நான் எப்படிடி எடுத்துக்க முடியும்?"

ஃபென்னா பெட்டியை வாங்கிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. "சரி. கெளம்பு. கூட்டம் ஜாஸ்தியாயிடும்."

"ஃபென்னா..."

"குழந்தைக்கு வெயில் படுது பாரு. கெளம்பு."

கதவு சாத்திக்கொண்டது. ஃபென்னா மாடிப்படியின் கடைசிப் படியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செத்த பிள்ளையின் சாமான், உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று தங்கை நினைத்துவிட்டாள். அப்படித்தான் அவளுக்குப் பட்டது. அப்படி நினைத்தால் தப்பு என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை. திருப்பிப் பரணில் வைக்க ஏணி ஏற வேண்டும். அவள் ஏறவில்லை.

*

மாரிட் பாலத்தடிக்குத் திரும்பி வந்தபோது வீபாவும் அங்கே இருந்தான். ஒரு கையில் பழைய துளை போடும் மெஷின், மறு கையில் இன்னொரு பழைய துளை போடும் மெஷின்.

"குடுத்துட்டேன்" என்றாள் மாரிட். "கதவச் சாத்திட்டா. என் முகத்துக்கு நேரா சாத்திட்டா."

சீட்சா நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி மடங்கி விழுந்தது.

"குடுத்துட்டியா! மடச்சி! அவதான்டி அத இங்க கொண்டாந்து வெச்சா! உனக்குத்தான்னு வெச்சா! யாருக்கும் குடுக்காதன்னு என் கையப் புடிச்சு சத்தியம் வாங்கினா. காலையிலேருந்து ஏழெட்டுப் பேர விரட்டியிருக்கேன்!"

"அத எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லக் கூடாதுன்னும் சத்தியம் வாங்கிட்டாளே! நான் என்ன பண்ண?"

மாரிட் அங்கேயே கல்தரையில், நீலப் போர்வையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஃபென்னா கதவை ஏன் மணிக்கு முன்பே திறந்தாள் என்று இப்போது புரிந்தது. வேணாம்னு சொல்லிட்டியா என்று கேட்டபோது அவள் குரல் ஏன் அப்படி இருந்தது என்றும் புரிந்தது. மாரிட்டுக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"திரும்பப் போய் மன்னிப்புக் கேளு" என்றான் வீபா.

"கேட்டா பரவாயில்லன்னு சொல்லிட்டு மறுபடி கதவச் சாத்துவா. அவள எனக்குத் தெரியாதா?"

சிறு வயதில் இதே போர்வையில்தான் அக்காவும் தங்கையும் உட்கார்ந்து விற்பார்கள். யார் வந்து என்ன விலை கேட்டாலும் ஃபென்னா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'கம்மி' என்பாள். பொம்மைக்குக் கை இல்லாவிட்டாலும் கம்மிதான். மாரிட் கைப்பேசியை எடுத்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

'உங்கிட்ட ஒரு பால் பம்ப் இருக்கறதா கேள்விப்பட்டேன். எனக்கு வேணும். ரொம்ப வேணும். ஒரு டோம்பூஸ் தரேன்.'

டோம்பூஸ் என்பது இரண்டு மொறுமொறு பிஸ்கட் துண்டுகளுக்கு நடுவே கிரீம் வைத்த இனிப்பு. இன்றைக்கு மட்டும் மேல் பூச்சு ஆரஞ்சு.

பதில் வரவில்லை. இம்கா விழித்து, பால் குடித்து, மறுபடி தூங்கினாள். வீபா இரண்டு மெஷின்களையும் சோதித்து, இரண்டும் ஓடவில்லை என்பதை ஒப்புக்கொண்டான். சீட்சா தன் தொப்பியை விற்றார். மாரிட் கைப்பேசியை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

அது ஒரு தரம் அதிர்ந்தது.

'கம்மி.'

மாரிட் ஓவென்று சிரித்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. போவோர் வருவோர் திரும்பிப் பார்த்தார்கள்.

'ரெண்டு டோம்பூஸ்' என்று எழுதினாள்.

'காபி யார் போடுவா? வீபா போடற காபி வேணாம்.'

"என் காபிக்கு என்ன கொறச்சல்?" என்றான் வீபா.

"கழுவின தண்ணி" என்றார் சீட்சா.

*

சாயங்காலம் வீபா போர்வையைச் சுருட்ட மாமனாருக்கு ஒத்தாசையாகப் போய்விட்டான். போகச் சொன்னது மாரிட்தான்.

ஃபென்னா மாரிட் வீட்டு வாசல் மிதியடியில் வெகுநேரம் காலைத் தேய்த்தாள். பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். கூடையில் படுத்திருந்த இம்கா இருக்கும் பக்கம் பார்க்காத நாற்காலியாகத் தேர்ந்து உட்கார்ந்தாள். டோம்பூஸை எந்தப் பக்கமிருந்து கடித்தாலும் கிரீம் மறுபக்கம் பிதுங்கும். இரண்டு பேரும் அதையே சாக்காக வைத்துப் பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாரிட் பெட்டியைத் திறந்தாள். மோட்டாருக்கு மேலே, ஒட்டுக் கிழிக்காத பாக்கெட்டுகள் இருந்தன. புதுக் குழாய், புது வால்வு, இரண்டு அளவில் புதுப் புனல்கள்.

"இதெல்லாம் இப்ப வாங்கினதா?"

"உன் அளவு எனக்கு எப்படித் தெரியும்? அதான் ரெண்டு சைஸ்."

"பழசு எங்க?"

ஃபென்னா கிரீம் ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டாள். "தூக்கிப் போட்டுட்டேன். பால் பட்டதெல்லாம் பழசா இருக்கக் கூடாதாமே."

மாரிட்டின் கை நின்றது. "நீ யூஸ் பண்ணியா?"

"அவன அடக்கம் பண்ணிட்டு வந்த மறுநாள் பால் வந்துடுச்சு. வரும்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தாங்க, நான் காதுல வாங்கல. கல்லாட்டம் கட்டிடுச்சு, மாரிட். டௌவா தூங்கினப்புறம் குளியலறையில உக்காந்து வலி குறையற அளவுக்குக் கொஞ்சமா எடுத்தேன். ஒரே ஒரு தரம். சீசாவக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சூடா இருந்துச்சு. கொட்டவும் மனசு வரல, வெச்சுக்கவும் வழியில்ல. எனக்கு எவ்வளவு ஆசையா இருந்துச்சு தெரியுமா, யாராவது வந்து குடிக்க மாட்டாங்களான்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"யார்கிட்டயும் சொல்லல. டௌவாவுக்கும் தெரியாது." ஃபென்னா குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கு நான் இத எடுத்துட்டு வந்ததும் அவனுக்குத் தெரியாது. அவன் அப்பப்ப பரண்ல போய் இது பக்கத்துல உக்காந்துட்டு வருவான். விளக்கு பல்பு தேடறேம்பான். நானும் சரிம்பேன். கேட்டா வேணாம்னுடுவான், அதான் கேக்கல."

மாரிட் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஃபென்னா கொஞ்ச நேரம் பிடிக்க விட்டாள். பிறகு கையை உருவிக்கொண்டு, "வா, போட்டுப் பாக்கலாம். தண்ணி கொதிக்க வை" என்றாள்.

புனல்களைக் கொதிக்க வைத்து ஆற வைத்தார்கள். ஃபென்னா எந்த வால்வு எங்கே என்று யோசிக்காமலே பொருத்தினாள். டீமன் பிறப்பதற்கு முன்னால் எத்தனை மாலை அவள் இதைப் பிரித்துப் பிரித்து மாட்டிப் பார்த்திருப்பாளோ. சின்னப் புனல்தான் சரியாக இருந்தது. மாரிட் உள்ளடங்கிய மூலையில் தெருவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து, தோள் மேல் ஆரஞ்சுச் சால்வையைப் போர்த்திக்கொண்டாள். ஃபென்னா பொத்தானை அமுக்கினாள். டௌவா சொன்னது உண்மைதான், சத்தமே இல்லை. ஆள் மூச்சு விடுகிற மாதிரிதான் கேட்டது.

"வலிக்குதா?"

"இல்ல. ஆனா ஒண்ணும் வரல."

"பொறு. மொதல்ல வேகமா இழுக்கும், அப்புறம்தான் நிதானமா எடுக்கும். தோளத் தளர்த்து. பஸ் ஓட்டறாப்ல உக்காராத."

அப்போதுதான் இம்கா விழித்தாள். முதலில் சிணுங்கல், பிறகு வீறிட்ட அழுகை.

மாரிட் அசைந்தாள். இரண்டு புனல்களையும் இரண்டு கையால் பிடித்திருந்தாள். ஒன்றை விட்டால் சரிந்துவிடும். அதற்குள் அழுகையைக் கேட்ட உடம்பு தன் வேலையைத் தொடங்கிவிட்டது. சீசாக்களில் சொட்டுச் சொட்டாக, பிறகு கம்பியாகப் பால் இறங்கியது.

"ஃபென்னா, வருது! எவ்வளவு வருது பாரு!"

ஃபென்னா சீசாவைப் பார்க்கவில்லை. கூடையையே பார்த்தாள். இம்கா முகம் சிவந்து கத்தினாள். குல்லாய் கண்ணை மறைத்திருந்தது.

"நிறுத்திட்டு நீ தூக்கு" என்றாள் ஃபென்னா.

மாரிட் நிறுத்தியிருக்கலாம். பொத்தான் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அக்காவை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு கையும் வேலையா இருக்கு, ஃபென்னா."

ஃபென்னா எழுந்தாள். கூடைக்கு இரண்டடி முன்னால் நின்றாள். கையைத் துணியில் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். பிறகு குனிந்தாள். ஒரு கை கழுத்துக்குக் கீழே, ஒரு கை முதுகுக்குக் கீழே. தூக்கித் தோளில் சாய்த்தாள். குல்லாயைச் சரி செய்தாள். இம்கா இரண்டு விக்கல் விக்கி, அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து அமைதியானாள்.

ஃபென்னா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி மெல்ல ஆடினாள்.

"மாரிட்" என்றாள் கடைசியில். "எவ்வளவு சூடா இருக்கா இவ. இவ்வளவு சூடா இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

டீமனைப் போர்வையில் சுற்றி ஃபென்னாவின் கையில் கொடுத்த அந்த நாள் மாரிட்டின் கண் முன்னால் வந்தது. கண்ணீர் சால்வையில் விழுந்தது. துடைக்கக் கையில்லை.

கண்ணை மூடித் திறந்தபோதுதான் ஜன்னலைப் பார்த்தாள். எங்கள் வீடுகளின் முன் ஜன்னலுக்குத் திரை போடுகிற வழக்கம் இல்லை. தெருவில், ஃபென்னாவின் சைக்கிளுக்குப் பக்கத்தில், கப்பல் கம்பெனியின் நீலச் சட்டையைக்கூடக் கழற்றாமல் டௌவா நின்றுகொண்டிருந்தான். பரணில் பெட்டி இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறான். கேள்வி கேட்க வந்த முகம் அது. அதில் இப்போது கேள்வி இல்லை. சாப்பாட்டு மேசையில் திறந்து கிடக்கும் சாம்பல் பெட்டியைப் பார்த்தான். மனைவியின் தோளில் மஞ்சள் குல்லாயைப் பார்த்தான்.

மணியை அடிக்க உயர்ந்த கை பாதியில் நின்றது. ஃபென்னா அவனைப் பார்க்கவில்லை. இம்காவின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

உள்ளே வா என்று கையசைக்க மாரிட் துடித்தாள். இரண்டு கையிலும் புனல் இருந்தது. டௌவா ஒரு அடி பின்னால் வைத்தான்.